காற்றின் கூரை தாழும் நேரம்

போகியன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வியாசர்பாடியில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே தெருமுனையில் பிள்ளைகள் பழைய பாயையும் கிழிந்த துணிகளையும் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். மேளச் சத்தம் விடாமல் கேட்டது. யாரோ ஒருவர் ஒரு சைக்கிள் டயரையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். கரும்புகை நேராக எழுந்தது. மூன்றாவது மாடியின் தண்ணீர்த் தொட்டி உயரம்வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. ஏதோ ஒரு கண்ணாடித் தகட்டில் முட்டியதுபோல அங்கேயே மடங்கி, இரண்டு பக்கமும் பரவி, தெருவின்மேல் போர்வையாகப் படிந்தது. அடுத்த தெருவின் புகையும் அதே உயரத்தில் வந்து அதனோடு சேர்ந்துகொண்டது.

“வெயில் ஏறட்டும்பா, எல்லாம் கலைஞ்சிடும்” என்றார், தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா. அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஒன்பது மணிக்கு மேல் போர்வை அங்கங்கே கிழிய ஆரம்பித்தது. பத்தரைக்கு நீல வானம் தெரிந்தது. ஆனால், நெருப்பு ஆறரைக்கே அணைந்துவிட்டது. அணைந்த நெருப்பின் புகையைத்தான் அந்தத் தெருவின் குழந்தைகளும் முதியவர்களும் அடுத்த மூன்று, நான்கு மணி நேரம் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

காற்று மாசு பற்றி நாம் பேசும்போதெல்லாம் ‘எவ்வளவு’ என்றுதான் கேட்கிறோம். எத்தனை வாகனம், எத்தனை டன் நிலக்கரி, எத்தனை மைக்ரோகிராம் தூசு? அவை தேவையான கேள்விகள். அவற்றோடு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை நம் அரசும் நகர நிர்வாகமும் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. அந்தப் புகை எந்த நேரத்துக் காற்றில் விடப்படுகிறது? ஒரே அளவு புகை நண்பகலில் வெறும் நெடியாகக் கடந்துபோகும். விடியற்காலையில் நெஞ்சை அடைக்கும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

பத்து டிகிரிக் கணக்கு

காற்று மேலே ஏற ஏற விரிந்து குளிரும். ஈரம் படியாத காற்றுத் திரள் ஒன்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். இது மாறாத இயற்பியல் கணக்கு. அது ஏறிச் செல்லும் வழியில் சுற்றியிருக்கும் காற்று எப்படி இருக்கிறது என்பதுதான் நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுகிறது.

நண்பகலில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகவும், உயரத்துக் காற்று நன்றாகக் குளிர்ந்தும் இருக்கும். ஏறிவரும் திரள் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருப்பதால் மேலே போய்க்கொண்டே இருக்கும். அதன் இடத்துக்கு மேலிருந்து சுத்தமான காற்று இறங்கி வரும். அடுப்பில் சோறு கொதிப்பதுபோல வானம் மேலும் கீழுமாகக் கிளறப்படுகிறது. இதை நிலையற்ற வளிமண்டலம் என்கிறார்கள். புகையைக் கரைக்க இதைவிட நல்ல நிலை இல்லை.

சூரியன் மறைந்ததும் கதை திரும்புகிறது. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டுச் சீக்கிரம் குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. மேலே உள்ள காற்று அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே, குளிர்ந்த கனமான காற்று கீழே, சூடான காற்று மேலே என்று அடுக்கு தலைகீழாகிவிடும். இதுதான் வெப்பத் தலைகீழ். ஏற முயலும் புகை, சற்று உயரத்திலேயே தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கனமாகிவிடுவதால் திரும்பி இறங்குகிறது. மார்கழிக் காலையில் கிராமத்து அடுப்புப் புகை வயல்மேல் வெள்ளை வேட்டி விரித்ததுபோலக் கிடப்பதைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்தவர்களே. வளிமண்டலத்துக்கு ‘நிலையானது’ என்ற பெயர் கிடைக்கும் நேரம், நுரையீரலுக்கு ஆகாத நேரம்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம்வரை காற்று நன்றாகக் கலக்கிறதோ, அதைக் கலப்பு உயரம் என்பார்கள். நகரத்தின் கூரை என்றே அதைச் சொல்லலாம். அந்தக் கூரையின் உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது காற்றோட்டக் குறியீடு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பிற்பகலில் கூரை 1,500 மீட்டரில் இருக்கிறது, காற்று நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றால் குறியீடு 6,000. விடியற்காலையில் கூரை 150 மீட்டருக்கு இறங்கி, காற்றும் நொடிக்கு 1 மீட்டராக ஓய்ந்துவிட்டால் குறியீடு 150. புகையைக் கொண்டுபோய்க் கரைக்கும் சக்தி நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஒரு வாகனம்கூடக் கூடவில்லை, ஒரு தொழிற்சாலைகூடப் புதிதாக வரவில்லை. ஆனாலும் காற்று நஞ்சாகிறது.

இரண்டு நகரங்கள் தந்த பாடம்

1952 டிசம்பர் 5 அன்று லண்டன்மீது ஓர் உயர் அழுத்த மண்டலம் வந்து அமர்ந்தது. காற்று நின்றது; தலைகீழ் அடுக்கு நகரத்தை மூடியது. அதற்கு முந்தைய வாரங்களிலும் லண்டன் வீடுகள் நிலக்கரியைத்தான் எரித்துக்கொண்டிருந்தன. ஆனால், அந்த ஐந்து நாட்களில் அந்தப் புகைக்குப் போக இடமில்லை. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பின்னாளில் நடந்த ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை கொண்டுசென்றன. டிசம்பர் 9 அன்று காற்று வீசத் தொடங்கியது, மூடுபுகை போய்விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இல், தூய காற்றுச் சட்டத்தை பிரிட்டன் கொண்டுவந்தது.

அந்தச் சட்டம் வந்த சில ஆண்டுகளில், 1961இல், பிரிட்டிஷ் வானிலைத் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பாஸ்குவில் ஓர் எளிய அட்டவணையை வெளியிட்டார். காற்றின் வேகம், பகலில் வெயிலின் கடுமை, இரவில் மேகத்தின் அளவு ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு வளிமண்டலத்தை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு வகையாகப் பிரித்தார். கடும் வெயிலும் மெல்லிய காற்றும் உள்ள பகல் ‘ஏ’. மேகமில்லாத, காற்று ஓய்ந்த இரவு ‘எஃப்’. நம் நாட்டில் ஒரு தொழிற்சாலைக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டினால் இந்த எழுத்துகளை இன்றும் காணலாம்.

‘எஃப்’ என்ற ஓரெழுத்துக்கு எவ்வளவு கனம் என்பதை இந்தியாவுக்குச் சொன்ன ஊர் போபால். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. காற்றைவிடக் கனமான வாயு. டிசம்பர் மாதத்துக் குளிர்ந்த, அமைதியான இரவு. வாயு மேலே கலைந்துபோக வழியில்லாமல் தரையை ஒட்டியே தவழ்ந்து, ஆலைக்கு எதிரே இருந்த குடிசைகளுக்குள்ளும் ரயில் நிலையத்துக்குள்ளும் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தக் குற்றத்துக்கு ஆலையின் அலட்சியமே காரணம். வானிலைமேல் பழியைப் போட முடியாது. ஆனால், அதே கசிவு வெயில் கொளுத்தும் ஒரு பிற்பகலில் நடந்திருந்தால், இத்தனை பேர் இறந்திருக்க மாட்டார்கள். விபத்துக்குத் தயாராகிறோம் என்று சொல்லும் எந்த நிர்வாகமும் தயாராக வேண்டியது மிக மோசமான அந்த நேரத்துக்குத்தான்.

கடல் நம்மைக் காப்பாற்றிவிடுமா?

சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது, டெல்லி நிலைமை நமக்கு வராது என்று பலரும் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மைதான். நண்பகலை ஒட்டிக் கரையேறும் கடற்காற்று கோடையில் நமக்குக் கிடைத்த வரம். ஆனால், அது இருபத்து நான்கு மணி நேரமும் வீசுவதில்லை. இரவில் நிலம் கடலைவிடக் குளிர்ந்ததும் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். கட்டுமரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நிலக்காற்றில் விடியலுக்கு முன்பே கடலுக்குள் போய், கடற்காற்றில் கரை திரும்பினார்கள். இந்த இரண்டு காற்றும் கை மாறும் இடைவேளையில் காற்று ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இரவில் கடலுக்குள் தள்ளப்பட்ட புகை, பகலில் கடற்காற்றோடு திரும்பி வரவும் முடியும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, பனி இறங்கும் மார்கழியின் கடைசி நாளில் வருகிறது போகி. ஆண்டிலேயே கூரை மிகத் தாழும் விடியற்காலைகளில் ஒன்றைத்தான் நாம் எரிப்பதற்கென்று வைத்திருக்கிறோம். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகை பனியோடு சேர்ந்து ஓடுதளத்தை மறைத்ததால் சென்னைக்கு வந்த பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. விமானத்துக்குத் திருப்பிவிட வேறு ஊர் இருந்தது. கொடுங்கையூரில் இருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு அப்படி ஓர் ஊர் இல்லை.

கடற்காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. கடல்மேல் இருந்து வரும் காற்று குளிர்ந்தது, நிலையானது. கரையேறியதும் சூடான நிலம் அதை அடியிலிருந்து கிளறத் தொடங்குகிறது. கிளறப்படும் அடுக்கு கரையோரத்தில் மெலிதாக இருக்கும். உள்ளே போகப் போகத் தடிக்கும். எண்ணூர்க் கரையில் ஓர் உயரமான புகைபோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் புகை முதலில் மேலே உள்ள அமைதியான அடுக்கில் கோடு போட்டதுபோலப் போகும். புகைபோக்கியின் அடியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சில கிலோமீட்டர் தள்ளி, கீழிருந்து தடித்துவரும் அடுக்கு அந்தப் புகையைத் தொட்டவுடன், அது மொத்தமாகத் தரைக்கு இழுத்து வரப்படுகிறது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள அனல்மின் அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த உயரம் புகையைத் தூரத்துக்கு அனுப்புகிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. கடலோரத்தில், தூரத்து ஊரின் தலையில் அதைக் கொண்டுபோய் இறக்கவும் செய்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இந்தக் கடலோரக் காற்றடுக்கைப் பல ஆண்டுகளாக அளந்து ஆராய்ந்து வருகிறார்கள். சென்னைக்குத் தெற்கே இருக்கும் அந்த அறிவு, சென்னைக்கு வடக்கே இருக்கும் மக்களின் பாதுகாப்புக்கும் பயன்பட வேண்டும். 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போடப்பட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்பதை அந்த நேரத்துக் காற்றின் திசைதான் தீர்மானிக்கும். அதைச் சொல்ல அந்த இரவில் அவர்களுக்கு யாரும் இல்லை.

தெருவுக்குள் சுழலும் காற்று

வானத்தை விட்டுத் தெருவுக்கு இறங்குவோம். தெருக்களில் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கனடாவின் டிம் ஓக் 1988இல் தெளிவாக வகைப்படுத்தினார். கட்டிடத்தின் உயரம் தெருவின் அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தாண்டினாலே, மேலே வீசும் காற்று தெருவுக்குள் சரியாக இறங்காமல் கூரைகளின்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெருவுக்குள் ஒரு சுழல் மட்டும் உருண்டுகொண்டிருக்கும். சவுகார்பேட்டையில் 20 அடித் தெருவின் இருபுறமும் 40 அடிக் கட்டிடங்கள் நிற்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே உயரம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு.

அந்தச் சுழல், வண்டிப் புகையை ஒரு பக்கத்துச் சுவரின் அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறதோ, அந்தப் பக்கத்துக் கட்டிடத்தின் காலடிதான் அது. ஒரே தெருவில், ஒரு வரிசைக் கடைக்காரர் இருமிக்கொண்டும் எதிர் வரிசைக்காரர் ஓரளவு நிம்மதியாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில் தெருத்தரையில் விழுந்து சூடேற்றும்போது அந்தச் சுழல் வலுத்து, உள்ளே இருக்கும் புகையை மேலே தள்ளும். காற்று நிலைபெற்று, தரை குளிர்ந்திருக்கும்போது சுழல் சோர்ந்துவிடும். ஆழமான தெருக்களில் சுழல் மேலும் கீழுமாக இரண்டாக உடைந்து, அடியில் இருக்கும் காற்று வெளியே வர வழியில்லாமல் தேங்கும். கான்கிரீட்டும் தாரும் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால், நகரின் மையத்தில் கூரை புறநகரைவிடச் சற்று உயரத்தில் இருப்பது உண்டு. பனிக்காலத்து அமைதியான இரவுகளில் அந்த உதவியும் போதுவதில்லை.

காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேனுக்காக நிற்கும் குழந்தையின் மூக்கு, தெருத்தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. கூரை இன்னும் தூக்கப்படாத நேரம் அது. அலுவலகம் போகும் வண்டிகள் அனைத்தும் தெருவுக்கு வந்துவிட்ட நேரமும் அதுவே. நகரத்தின் மிக மோசமான காற்றை நகரத்தின் மிகச் சிறிய நுரையீரல் வாங்கிக்கொள்கிறது.

கடிகாரத்தைத் திருத்துவோம்

இந்தக் கண்ணோட்டத்தில் நம் விதிகளைப் பாருங்கள். 2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. எந்த இரண்டு மணி என்பதை அரசு முடிவு செய்தது. அதிகாலை எண்ணெய்க் குளியல் முடித்துப் பட்டாசு வெடிப்பது நம் வழக்கம் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால், அந்தக் காலை ஒரு மணி நேரம், முந்தைய இரவின் கூரை அப்படியே தாழ்ந்து கிடக்கும் நேரம். அதைப் பத்து மணிக்கு மேல் தள்ளிவைத்தால் அதே பட்டாசு, அதே மகிழ்ச்சி. புகை மட்டும் சீக்கிரம் கரையும். இரவு வேளைக்குக் குறுகிய தெருக்களை விட்டுத் திறந்த மைதானங்களை வார்டுதோறும் ஒதுக்கலாம்.

கனரக லாரிகளை நகருக்குள் பகலில் விடாமல் இரவில் விடுகிறோம். நெரிசலுக்கும் விபத்துக்கும் அது சரியான முடிவு. அதைப் பகலுக்கு மாற்றச் சொல்லவில்லை. ஆனால், காற்று மிகக் குறைவாகக் கரைக்கும் நேரத்தில் வரும் வண்டி, மிகச் சுத்தமான வண்டியாக இருக்க வேண்டும். துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைத்துவைக்க வேண்டும் என்பதையாவது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தலாம். இரவில் குப்பையைக் கொளுத்துவது பகலில் கொளுத்துவதைவிடப் பல மடங்கு கெடுதி என்பதை ஒவ்வொரு தூய்மைப் பணி மேற்பார்வையாளரும் அறிந்திருக்க வேண்டும்.

அளப்பதிலும் திருத்தம் தேவை. நம் தேசியத் தர அளவு பி.எம். 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. இரண்டுமே நாள் சராசரிகள். விடியற்காலை மூன்று மணி நேரம் உச்சத்துக்குப் போன நஞ்சு, கடற்காற்று வீசிய பிற்பகலோடு சேர்த்துச் சராசரி போடும்போது மறைந்துவிடும். செய்தியில் ‘மிதமான காற்று’ என்று படிக்கும் சென்னைவாசி, அந்தக் காலையில் மெரினாவில் நடந்தபோது சுவாசித்தது அதுவல்ல.

டெல்லியில் இந்தத் திசையில் ஓர் அடி எடுத்துவைத்திருக்கிறார்கள். 2018இல் காற்றுத் தர முன்னெச்சரிக்கை அமைப்பு தொடங்கப்பட்டது. காற்றோட்டக் குறியீடு 6,000க்குக் கீழும், காற்றின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழும் போனால் புகை கலையாது என்று அங்கே நாள்தோறும் அறிவிக்கிறார்கள். மாசு உச்சத்தைத் தொட்ட பிறகு நடவடிக்கை என்ற பழைய முறையை 2022இல் மாற்றி, முன்கணிப்பை வைத்தே கட்டுப்பாடுகளைக் கொண்டுவரும் முறைக்குப் போனார்கள். டெல்லியின் காற்று இதனால் சுத்தமாகிவிடவில்லை. புகையைக் குறைக்காமல் கணிப்பு மட்டும் யாரையும் காப்பாற்றாது. ஆனால், எந்த நாளில் எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த நிர்வாகம், தெரியாத நிர்வாகத்தைவிட மேல்.

தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு நகரங்களும் இருக்கின்றன. இந்த நான்குக்கும் நாளைய கலப்பு உயரத்தையும் காற்றோட்டக் குறியீட்டையும் தமிழில், மழை அறிவிப்பைப் போலவே அறிவிக்க வேண்டும். “நாளை காலை ஒன்பதரைவரை காற்று கலையாது, குப்பை எரிக்காதீர்கள், நடைப்பயிற்சியைத் தள்ளிவையுங்கள்” என்ற ஒரு வரி போதும். எண்ணூர், மணலி, தூத்துக்குடி போன்ற தொழிற்பகுதிகளில் அவசரகால ஒத்திகையை இரவில் நடத்த வேண்டும். பகல் பதினோரு மணி ஒத்திகை, போபாலுக்கான ஒத்திகை ஆகாது.

இதற்குப் புதிய கருவிகள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1792இலேயே வானாய்வுக்கூடம் கண்ட நகரம் இது. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை நாள்தோறும் காலை 5.30, மாலை 5.30 மணி அளவீட்டுக்காகப் பலூன் பறக்கவிடுகிறது. உயரம் ஏற ஏற வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை அது அளந்து அனுப்புகிறது. போகியன்று அந்தத் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் புகை மடங்கிய அதே நேரத்தில், நகரத்தின் கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்ற கணக்கு அரசின் கையில் இருந்தது. அந்தக் கணக்கு தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு ஒரு தொழிற்சாலையோ, குப்பை எரி உலையோ வருகிறது என்று கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால், அந்த அறிக்கையை வாங்கிப் பாருங்கள். காற்று பற்றிய பக்கத்தைத் திறந்து, எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, ‘எஃப்’ வகை இரவில் இந்தப் புகை எந்தத் தெருவில் இறங்கும்?” பதில் கிடைக்கும்வரை உட்காராதீர்கள்.